முகம் தெரியும்படி ஐந்து படங்கள்

நாகோயா
ஜூன் 2, 2009

சயோவுக்கு,

இங்கே மழைக்காலம் ஆரம்பிக்கப் போகுது. கடைக்கு வர்றவங்க ஈரக் குடையை எங்கே வைக்கறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. பருவத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதாம கடிதம் ஆரம்பிச்சா மரியாதை இல்லைன்னு எங்கப்பா சொல்வார். எழுதிட்டேன். இனி விஷயத்துக்கு வர்றேன்.

படம் அஞ்சும் வந்துச்சு. விளையாட்டு விழாப் படம் மூணு. மைதானத்தோட அந்தக் கோடியில சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைங்க நாப்பது பேர், அதுல ஒண்ணு மினோரின்னு பின்னாடி எழுதியிருக்கே. எதுன்னு நீயே சொல்லிடேன். நாலாவது படத்துல முதுகு. அஞ்சாவதுல குனிஞ்சு ஷூ கயிறு கட்டறா. என் மகளோட தொப்பி எப்படி இருக்கும்னு எனக்கு இப்போ நல்லாத் தெரியும்.

விவாகரத்தப்போ குடும்ப நீதிமன்றத்துல சமரசம் பண்ணி வச்சவங்க எழுதின காகிதத்தை நீயும் வச்சிருக்கே. நேர்ல பார்க்கறதை அவளுக்குப் பத்து வயசு ஆனப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் வருஷத்துக்கு மூணு தடவை, தடவைக்கு அஞ்சு படம், முகம் தெரியும்படி. 'முகம் தெரியும்படி'ங்கறதை நான்தான் கேட்டுச் சேர்க்க வச்சேன். எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். போன டிசம்பர்ல வந்த படத்துலயும் பனிக்கோட்டோட தலைமூடிக்குள்ள மூக்கு மட்டும் தெரிஞ்சது. ஒரு தடவைன்னா தற்செயல். ரெண்டாவது தடவையும் அப்படியே வந்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கலை.

உன் போன்ல இருக்கற கேமராவால வந்த வினையா இருந்தா சொல்லு. பத்து வருஷமா கேமரா கவுன்ட்டர்ல நிக்கறவன் நான். நல்லதா ஒண்ணு அனுப்பறேன்.

மசாதோ


கிதாகாமி
ஜூன் 14, 2009

திரு. குசாகபே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மழைக்காலம் பற்றிய இரண்டு வரிகளையும் படித்தேன்.

நான் பள்ளிகளுக்கு மதிய உணவு சமைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விளையாட்டு விழா அன்று பாதி நாள் விடுப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது முன்னால் பாய் விரித்து இடம் பிடித்திருந்தவர்கள் காலை ஐந்து மணிக்கே வந்தவர்கள். நான் கடைசி வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்கு மேல் கையைத் தூக்கி எடுத்த படங்கள் அவை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேமராவைக் கண்டால் திரும்பிக்கொள்கிறார்கள். அதற்கும் நான்தான் பொறுப்பா?

கேமரா எதுவும் தேவையில்லை. அனுப்பியே தீருவீர்கள் என்றும் தெரியும். அப்படி அனுப்பினால், கடைக்கு வந்த ஆளிடம் பேசுவது போல என்னிடம் பாடம் எடுக்காதீர்கள். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

மினோரி நலம்.

ஒனோதெரா சயோ


நாகோயா
ஜூன் 22, 2009

சயோவுக்கு,

'ஒனோதெரா'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கறதைப் பார்த்ததும் யாரோ வாடிக்கையாளர்னு நினைச்சுட்டேன். சரி, அது உன் பிறந்த வீட்டுப் பேருதான்.

பாடம் எடுக்கலை. ஆனா எதை அனுப்பறதுன்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன், அதை யார்கிட்டயாவது சொல்லணும். ஒண்ணு எஸ்.எல்.ஆர்., ஆரம்பக்காரங்களுக்குன்னு விக்கற சின்னது. உள்ளே சென்சார் பெருசு, அதனால பள்ளி உள்ளரங்கம் மாதிரி மங்கலான இடத்துலயும் படம் சுத்தமா வரும். அமுக்கின நொடியே கிளிக். குறை என்னன்னா, கூட வர்ற லென்ஸ் குட்டை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவ அவரைக்கொட்டை அளவுதான் தெரிவா. நீள லென்ஸ் வேணும்னா அது தனி, கழட்டி மாட்டணும், மாட்டறப்ப உள்ளே தூசி போகும்.

இன்னொண்ணு பிரிட்ஜ் கேமரா. பார்க்க எஸ்.எல்.ஆர். மாதிரியேதான் இருக்கும், லென்ஸைக் கழட்ட முடியாது. ஆனா அந்த ஒரே லென்ஸ் இருபது மடங்கு நீளும். ஆத்துக்கு அக்கரையில நிக்கறவர் மூக்குல இருக்கற மருவைக்கூட எண்ணலாம். சென்சார் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவு. வெளிச்சம் குறைஞ்சா படம் பூரா எள்ளு தூவின மாதிரி ஆயிடும். அமுக்கினா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் கிளிக் ஆகும், அதுக்குள்ள பிள்ளை ஓடிப் போயிடும்.

கடையில என்கிட்ட கேக்கற அம்மாக்களுக்கு நான் பிரிட்ஜைத்தான் கையில குடுப்பேன். அவங்க எப்பவும் கடைசி வரிசையில நிக்கறவங்க. உனக்கு எஸ்.எல்.ஆர். அனுப்பறேன். நீ பெத்தவ. ஒரே வீட்டுல இருக்கே. ஒரு கை தூரத்துல உக்காந்து எடுக்கலாம். தூரத்துலேருந்து பார்க்கணும்ங்கற தலையெழுத்து எனக்குத்தானே தவிர உனக்கில்லை.

கடையில காட்சிக்கு வச்சிருந்ததுதான், நானே துடைச்சுச் சரிபார்த்தேன். பெரிய பொத்தானை அமுக்கு, போதும். பிரிண்ட் போட அலைய வேண்டாம், மெமரி கார்டையே உறையில போட்டு அனுப்பு. ரெண்டு கார்டு வச்சிருக்கேன்.

மசாதோ


கிதாகாமி
ஆகஸ்ட் 3, 2009

திரு. குசாகபே அவர்களுக்கு,

கார்டு இத்துடன். கோடைக்கான ஐந்து படங்கள்.

உங்கள் கறுப்பு இயந்திரம் 'டக்' என்று போடுகிற சத்தத்தில் அடுத்த அறையில் இருப்பவள்கூட எழுந்து ஓடுகிறாள். முதல் நாள் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "அது யாருக்கு?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அதன் பிறகு நான் அதைக் கையில் எடுத்தாலே குளியலறைக் கதவு சாத்திக்கொள்கிறது. பக்கத்தில் போய் எடுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வந்து முயன்று பாருங்கள் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறீர்கள், அதனால் சொல்லவில்லை.

கிடைத்ததை அனுப்பியிருக்கிறேன். அவள் நலம்.

ஒனோதெரா சயோ


நாகோயா
ஆகஸ்ட் 12, 2009

சயோ,

பருவத்தைப் பத்தி எழுதற மனநிலையில நான் இல்லை.

படம் கூர்மையா இருக்கு. எஸ்.எல்.ஆர். தன் வேலையைச் செஞ்சிருக்கு. பாயோட நெசவுகூடத் தெரியுது. அப்போ இத்தனை நாளா முகம் தெரியாததுக்குக் காரணம் கேமரா இல்லை. அதை நிரூபிக்கத்தான் நான் இவ்வளவு பாடுபட்டிருக்கேன்.

தர்பூசணி தின்னற படத்துல, வீட்டுக்குள்ள, அவ தலையில கம்பளித் தொப்பி. ஆகஸ்ட் மாசம் சயோ. உன் ஊர்லயும் வெயில்தானே அடிக்குது? படிக்கற படத்துல துண்டைச் சுத்தியிருக்கா. அஞ்சு படத்துலயும் தலை மூடியிருக்கு. கடைக் கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பார்த்தேன். ஒரு படத்துல இடது காதுக்குப் பின்னால தொப்பி கொஞ்சம் தூக்கியிருக்கு. அந்த இடத்துல முடி இல்லை. வெளிச்சத்தைக் குறைச்சுக் கூட்டிப் பார்த்தேன். மேனேஜர் வந்து, "குசாகபே, அரை மணி நேரமா ஒரே படத்தையே பார்க்கறே, என்னப்பா?"ன்னு கேட்டார். திரையை அணைச்சுட்டுக் கவுன்ட்டருக்குப் போனேன்.

என்ன ஆச்சு அவளுக்கு? அடிபட்டதா? தையல் போட்டிருக்கா? பெரிய வியாதியா? ஏன் என்கிட்ட மறைக்கறே?

இந்த அஞ்சும் கணக்குல வராது. செப்டம்பர் முடியறதுக்குள்ள வேற அஞ்சு வரணும், தொப்பி இல்லாம. இல்லேன்னா குடும்ப நீதிமன்றத்துக்குப் போறேன், படத்துக்காக இல்லை, பிள்ளைக்காக. வளர்க்கற பொறுப்பை என் பேருக்கு மாத்தித் தரச்சொல்லி எழுதிக் கேக்கறதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. உனக்கும் தெரியும்.

பிரிட்ஜ் கேமராவை அனுப்பியிருக்கேன். அவ உன்னைக் கண்டு ஓடினா, தூரத்துல நின்னு எடு. நான்தான் முதல்ல தப்பாத் தேர்ந்தெடுத்துட்டேன்.

மசாதோ


கிதாகாமி
ஆகஸ்ட் 20, 2009

திரு. குசாகபே அவர்களுக்கு,

மினோரிக்கு எந்த வியாதியும் இல்லை. தலையில் வேர்க்குரு. மருந்து போடுவதற்காக அந்த இடத்தில் கொஞ்சம் முடி வெட்டியிருக்கிறோம். இதற்கு நீதிமன்றம் வரை போவீர்கள் என்றால் போங்கள்.

இரண்டாவது பெட்டியும் வந்து சேர்ந்தது. நாலு தட்டு வைக்கிற அலமாரியில் இப்போது இரண்டு கேமராக்கள் இருக்கின்றன.

ஒனோதெரா சயோ


கிதாகாமி
செப்டம்பர் 29, 2009. விரைவுத் தபால்

குசாகபே அவர்களுக்கு,

நேற்று ஒரு கார்டு அனுப்பினேன். அது உங்களுக்கு நாளை வரும். தயவு செய்து அதை எதிலும் போட்டுப் பார்க்காதீர்கள். உறையைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை அழித்துவிட்டேன். ஐந்து மட்டும் இருந்தன. பிறகு எங்கள் பேட்டையில் குடியிருப்பவர்களின் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். மறுநாள் காலையில் அவசரத்தில் கார்டை உருவி உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தேன். இன்று சாப்பிடும்போது மினோரி, "பெரிய கண்ணு கேமரால நானும் ஒண்ணு எடுத்தேன்" என்று சொன்னாள். எப்போ என்றால், நீங்க கூட்டத்துக்குப் போயிருந்தப்போ என்கிறாள். பின்னால் இருக்கும் சின்னத் திரையை முன்பக்கமாகத் திருப்பினால் தன்னையே பார்த்துக்கொண்டு எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்பு எஸ்.எல்.ஆரில் அப்படி ஒன்று இல்லையே. அவள் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்தக் கடைசிப் படம் உங்களுக்காக எடுத்தது இல்லை. திருப்பி அனுப்புங்கள்.

சயோ


கிதாகாமி
அக்டோபர் 9, 2009

குசாகபே அவர்களுக்கு,

பத்து நாளாச்சு. பதில் இல்லை, கார்டும் வரலை. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடறேன். நீதிமன்ற உறை பழுப்பு நிறத்துல இருக்கும்னு ஞாபகம், அதனால பழுப்பா எந்த உறையைப் பார்த்தாலும் முதல்ல அனுப்பினவங்க பேரைத்தான் தேடறேன். நேத்து கூடத்துல கேரட் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கினேன்.

நீங்க பார்த்துட்டீங்க. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. சொல்லிடறேன்.

போன நவம்பர்ல தலை வாரும்போது பத்து யென் காசு அளவுக்கு ஒரு இடம் வழவழன்னு இருந்தது. புத்தாண்டுக்குள்ள நாலு இடம். மார்ச்சுல பாதித் தலை. இப்போ காது மேல கொஞ்சமும் பிடரியில கொஞ்சமும்தான் இருக்கு. மொரியோகாவுல பெரிய ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் கூட்டிட்டுப் போறேன். உயிருக்கு ஒண்ணும் இல்லைங்கறாங்க. திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். ஏன் கொட்டுதுன்னு கேட்டா டாக்டர், "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா"ங்கறார்.

யாராலயும் சொல்ல முடியாததை நீதிமன்றத்துல சொல்லுவாங்க. தாயார் வேலைக்குப் போறா, பிள்ளை தனியா இருக்கு, மன அழுத்தம், முடி கொட்டுது. நாலே வரி. நீங்க அப்படித்தான் எழுதுவீங்கன்னு பயந்தேன். வேர்க்குருன்னு பொய் எழுதினேன். என்னை மன்னிங்கன்னு கேக்க மாட்டேன். நீங்க சூப் கிண்ணத்தைச் சுவத்துல எறிஞ்ச அன்னிக்கு அவ படுக்கையை மடிச்சு வைக்கற அலமாரிக்குள்ள போய் உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டா. நீங்க அதைப் பார்க்கலை, வெளியே போயிட்டீங்க. அவளை வெளியே எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அவளை உங்ககிட்ட குடுக்காம இருக்க நான் பொய் சொல்லத்தான் செய்வேன்.

இன்னொண்ணும் சொல்லணும். செப்டம்பர்ல பள்ளிக்கூடத்து நெடுந்தூர ஓட்டம் ஆத்தங்கரை ஓரமா நடந்தது. நான் அக்கரையில நின்னு உங்க பிரிட்ஜ் கேமராவை நீட்டினேன். அவ்வளவு தூரத்துலேருந்து அவ முகம் பக்கத்துல வந்துடுச்சு. நான் பார்க்கறேன்னு தெரியாதபோது அவ எப்படி இருப்பான்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். வளைவுல காத்து அடிச்சு தொப்பி பறந்துடுச்சு. பொத்தானை அமுக்கினேனா இல்லையான்னே தெரியலை. அது யோசிச்சு கிளிக் ஆகறதுக்குள்ள ஒரு பொண்ணு ஓடிப்போய்த் தொப்பியை எடுத்து இவ தலையில கவுத்துட்டு, முதுகுல ஒரு தட்டு தட்டினா. ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கலை. அந்தப் படத்துல வெறும் புல்லுதான் விழுந்திருக்கு.

வகுப்புக்கே தெரிஞ்சிருக்கு. உங்க ஒருத்தர்கிட்டதான் மறைச்சிருக்கேன்.

ஏதாவது எழுதுங்க. திட்டியாவது எழுதுங்க.

சயோ


நாகோயா
அக்டோபர் 18, 2009

சயோவுக்கு,

செப்டம்பர் 30ஆம் தேதியே பார்த்துட்டேன். உன் விரைவுத் தபாலும் கார்டும் ஒண்ணா வந்துச்சு. உன் கடிதத்தைப் படிச்சப்புறம்தான் கார்டைப் போட்டேன். நீ வேண்டாம்னு எழுதினதாலேயே போட்டேன். இப்படிப்பட்டவன்தான் நான், உனக்குத் தெரியாததில்லை.

கோபம் தலைக்கேறிடுச்சு. மறுநாள் விடுப்பு எடுத்து நீதிமன்றத்துக்குப் போய் அந்த விண்ணப்பத்தை வாங்கினேன். அங்கேயே எழுதற மேஜையில உக்காந்தேன். காரணம் எழுதற கட்டத்துல நீ சொன்ன நாலு வரியைத்தான் எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். பத்து நாள் கழிச்சு உன் கடிதத்துல அதைப் பார்த்தப்போ கூசிப்போச்சு.

அடுத்த கட்டத்துல, பிள்ளையோட இப்போதைய நிலைன்னு இருந்தது. உடல்நிலை, பார்க்கற டாக்டர், பள்ளிக்கூடத்துல எப்படி, யார்கூடப் பழகறா, என்ன பிடிக்கும். பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா மடமடன்னு எழுதித் தள்ளிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணுகூடத் தெரியலை. முடி இல்லைன்னு எழுதலாம். வேற என்ன தெரியும் எனக்கு? என் மகள்ல நான் உத்துப் பார்த்தது பூரா அவ தலையைத்தான்.

அப்போ பையில வச்சிருந்த அந்தப் படத்தோட பிரிண்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வீட்டு வெளிச்சத்துல எடுத்தது, எள்ளு தூவின மாதிரிதான் இருக்கு, எந்த வாடிக்கையாளரும் வாங்க மாட்டார். லென்ஸ் ரொம்பக் கிட்ட இருந்ததால மூக்கு பெருசா இருக்கு. சிரிக்கறா சயோ. தொப்பி இல்லை, துண்டு இல்லை, வாய் கொள்ளாத சிரிப்பு. இடது கன்னத்துல குழி விழுது. அது இருக்கறதையே நான் மறந்துட்டேன். மேஜையில உக்காந்தபடியே அழுதுட்டேன். வேலை பார்க்கற பொண்ணு வந்து, "ஐயா, படிவம் புரியலையா?"ன்னு கேட்டா. புரியலைன்னுதான் சொன்னேன்.

அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் எழுதாம இருந்தது கோபத்துல இல்லை, வெக்கத்துல. கிண்ணம் எறிஞ்ச அன்னிக்கு அவ அலமாரிக்குள்ள போனது உன் கடிதம் வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னதையே பிடிச்சுக்கிட்டிருக்கேன். விட்டா என்னாலதான்னு தோணிடும்.

படிவத்தை நான் கிழிக்கலை. கிழிச்சுட்டேன்னு எழுதினா நீ நம்ப மாட்டே. இதோட வச்சிருக்கேன், நீயே என்ன வேணா பண்ணு. கார்டும் இருக்கு. அந்த ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன். அதை வச்சுக்கலாமான்னு அவகிட்ட கேளு. அவ வேண்டாம்னா அனுப்பிடறேன்.

டாக்டர் பேர் என்ன? தொப்பி எடுத்துக் குடுத்த பொண்ணு பேர் என்ன?

மசாதோ


கிதாகாமி
அக்டோபர் 25, 2009

மசாதோ அவர்களுக்கு,

டாக்டர் பேர் ஹச்சினோஹே. கொஞ்சம் வயசானவர், மினோரிகிட்ட மட்டும் ரொம்ப மரியாதையாப் பேசுவார். அந்தப் பொண்ணு பேர் சிசூரு. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் எங்க வீட்டுக்கு வந்து என் கத்தரிக்காய் ஊறுகாயைக் காலி பண்ணிட்டுப் போறா.

படிவத்தைப் படிச்சேன். மத்த கட்டமெல்லாம் காலியா இருந்ததையும் பார்த்தேன். கிழிக்கலை. என்ன பண்றதுன்னு தெரியாம அரிசி டப்பாவுக்குப் பின்னால வச்சிருக்கேன். உங்களை நம்பறேன்னு இப்பவே எழுத முடியலை.

நீங்க கேட்டதை அவகிட்ட கேட்டேன். சோத்து உருண்டை ரெண்டையும் தின்னு முடிச்சா. அப்புறம், "அப்பா அதைப் பார்த்தாரா?"ன்னா. பார்த்தார்னேன். "பார்த்தப்போ அவர் மூஞ்சி எப்படிப் போச்சு?"ன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? அழுதாராம்னு சொல்ல வாய் வரலை. தெரியாதுன்னேன். "எல்லாருக்கும் முதல் தடவை நேர்ல பார்க்கறப்போ மூஞ்சி ஒரு மாதிரி போகும்மா. அது போகறப்போ நான் பார்க்கணும். அப்புறம்தான் சொல்வேன்"னுட்டா.

அதனால கேக்கறேன். நவம்பர் 7, சனிக்கிழமை, பள்ளி உள்ளரங்கத்துல பிள்ளைங்க நாடகம். வாங்க. பத்து வயசுன்னு காகிதத்துல இருக்கறதை நானே தள்ளி வச்சுக் கேக்கறேன், இதை வச்சு நாளைக்கு என்கிட்ட எதுவும் பேசாதீங்க. மினோரிக்கு ரெண்டு வரி வசனம். மேடைக்குத் தொப்பியோட வருவாளா இல்லாம வருவாளான்னு எனக்கே சொல்ல மாட்டேங்கறா. எப்படி வந்தாலும் அவ முதல்ல உங்க முகத்தைத்தான் தேடுவா. உங்க முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கறேன். அதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு.

கேமரா எதுவும் கொண்டு வராதீங்க. எந்த வகையும் வேண்டாம். கையைச் சும்மா வச்சுக்கிட்டு உக்காருங்க.

ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பாங்க. நான் அஞ்சு மணிக்கே போய்க் கதவுகிட்ட நின்னு, முன்னால பாய் விரிச்சுடறேன்.

சயோ